ஹால்டேன் வீட்டு மரியாதை

லூஷியன் ஹால்டேனுக்கு முப்பத்தெட்டு வயதாகியும் ஊரில் பாதிப் பேர் அவனை "மார்கஸோட தம்பி" என்றுதான் சொன்னார்கள். மார்கஸ் செத்து வருஷக்கணக்காகிறது. செத்தவனுக்கு இருந்த மவுசு உயிரோடு இருந்தவனுக்கு இல்லை. தாத்தா கென்டக்கி மாநிலத்துக்கே கவர்னராக இருந்தவர். அப்பா ஆம்ப்ரோஸ் ஹால்டேன் வாஷிங்டனில் செனட்டராக உட்கார்ந்து எழுந்தவர். அந்த வரிசையில் மூன்றாவதாக நிற்க வேண்டியவன் மார்கஸ். அவனோ குடித்துவிட்டு ஒரு வக்கீலிடம் வாயைக் கொடுத்து, ஆற்றுக்கு அக்கரையில் துப்பாக்கிச் சண்டைக்குப் போய், காலைச் சாப்பாட்டு நேரத்துக்குப் படகில் பிணமாகத் திரும்பி வந்தான்.

அடக்கம் முடிந்த மறுவாரமே அப்பா தையல்காரரை வரவழைத்தார். மார்கஸின் கறுப்புக் கோட்டைத் தம்பிக்கு ஏற்றபடி பிடித்துத் தைக்கச் சொன்னார். "தோள்ல ரொம்பவே பிடிக்கணுங்களே" என்று இழுத்தார் தையல்காரர். "பிடி. வேற துணி இல்ல" என்றார் அப்பா. லூஷியன் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். கோட்டைச் சொல்கிறாரா, தன்னைச் சொல்கிறாரா என்று அவன் கேட்கவில்லை. அந்த வீட்டில் கேட்டுப் பழக்கமில்லை.

அந்தக் கோட்டோடு இரண்டு முறை மாநிலச் சட்டசபைக்குப் போய் வந்தான். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. சபையில் என்ன செய்தான் என்று கேட்டால், போனான், வந்தான், அவ்வளவுதான். மூன்றாம் முறை, ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்தில், ஹோசியா ப்ரூயிட் எதிரே வந்து நின்றான். தோல் பதனிடுகிறவன் மகன். நாற்றம் பிடித்த தொட்டிகளுக்கு நடுவே சட்டம் படித்து வக்கீலானவன். ஹால்டேன்களிடம் நில வழக்கில் தோற்ற குடியானவர்கள் எல்லாரும் அவன் பின்னால் திரண்டார்கள். அப்படித் தோற்றவர்கள் அந்த வட்டாரத்தில் ஏராளம்.

ஓட்டு தொடங்கிய காலை, பன்றித் தொடைக்கறியும் சோள ரொட்டியும் வைத்த மேசையில் அப்பா வாயைத் திறந்தார்.

"நம்ம வீட்ல தோத்துட்டு வந்து இந்த மேசைல யாரும் உக்காந்ததில்ல."

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சாச் சரி. தோத்தேன்னா வீடும் நெலமும் மார்கஸோட பையனுக்கு எழுதிடுவேன். அவன் படிச்சு முடிச்சுட்டு வந்து நின்னுக்கட்டும். மேற்க சணல் காட்டுல அந்தப் பழைய வீடு சும்மாத்தான் கெடக்கு, நீ அங்க போய் இருந்துக்க. மழைக்கு ஒழுகும். ஆனா யாருகிட்டயும் போய் ஓட்டுக் கேக்கற தொந்தரவு கெடையாது."

சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கறி எடுத்துப் போட்டுக்கொண்டார். லூஷியன் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தான்.

எங்கள் பக்கத்தில் ஓட்டு என்பது அந்தக் காலத்தில் வாயால் போடுவது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு மேசை. நடுவில் ஷெரீஃப், பக்கத்தில் எழுதுகிற குமாஸ்தா, இரண்டு ஓரத்திலும் போட்டியிடுகிற இருவர். ஓட்டுப் போடுகிறவன் படியேறி வந்து, ஊர் கேட்க ஒரு பேரைச் சொல்ல வேண்டும். பேர் சொல்லப்பட்டவன் எழுந்து குனிந்து நன்றி சொல்ல வேண்டும். மற்றவன் அந்த அடியைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படி மூன்று நாள். கதவோரம் பிரம்பு நாற்காலியில் ஆம்ப்ரோஸ் ஹால்டேன் உட்கார்ந்து, தம் நிலத்தில் உழுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குச் சுதந்திரமான தேர்தல் என்று பேர்.

கீழே முற்றத்தில் இரண்டு பீப்பாய் விஸ்கி, ஆளுக்கொன்று. அண்டாவில் கறியும் அணிலும் சோளமும் கலந்து கொதித்தது. தள்ளாடி ஏறி வந்த ஒரு கிழவனிடம் ஷெரீஃப் கேட்டார்.

"யாருக்குய்யா?"

"விஸ்கி யாருதோ அவருக்கு."

"ரெண்டு பேர் பீப்பாயும்தான் இருக்கு."

"ரெண்டுலயும்தான் குடிச்சேன். எதுல தண்ணி கலக்கலையோ அவருக்குப் போடு."

கூட்டம் சிரித்தது. ஓட்டு ப்ரூயிட்டுக்குப் போயிற்று. ப்ரூயிட் எழுந்து குனிந்தான். லூஷியனும் சிரித்தான். தண்ணீர் கலக்கச் சொன்னது அப்பா.

இன்னொரு வழக்கமும் உண்டு. நிற்கிறவர்கள் கடைசியில்தான் ஓட்டுப் போடுவார்கள். தன் வாயால் தன் பேரைச் சொல்வது கேவலம், பந்தியில் தனக்குத் தானே அள்ளிப் போட்டுக்கொள்வதைப் போல. ஆகவே இவன் அவனுக்குப் போடுவான், அவன் இவனுக்குப் போடுவான், கணக்கு அப்படியே நிற்கும், இரண்டு பேருக்கும் பெரிய மனுஷன் என்ற பேரும் கிடைக்கும். தாத்தா அப்படித்தான் செய்தார். அப்பாவும் அப்படித்தான். அதைச் சொல்லிச் சொல்லியே அந்த வீட்டில் பிள்ளை வளர்த்தார்கள். முதல் நாளே ஷெரீஃப் இருவரையும் கேட்டார். "எங்க வீட்டு வழக்கம்தானே அது" என்றான் லூஷியன். "ஊரு முறை எதுவோ அதும்படி" என்றான் ப்ரூயிட்.

மூன்றாம் நாள் மத்தியானம் லூஷியன் ஒரே ஒரு ஓட்டு பின்னால் நின்றான். வர வேண்டியவர்கள் எல்லாம் வந்துபோய்விட்டார்கள். ஷெரீஃப் மூக்கைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் சாய்ந்தார். அந்த உத்தியோகம் அவருக்கு ஆம்ப்ரோஸ் ஹால்டேன் வாங்கிக் கொடுத்தது.

"ஜெயிக்கக்கூட வேணாம் தம்பி. சமமா வந்தாப் போதும். சமமா நின்னா முடிவு சொல்றது நான். டாக்கெட் இன்னும் வரல பாரு."

ரூஃபஸ் டாக்கெட் ஹால்டேன் நிலத்தில் விளைச்சலில் பாதி என்ற வாரத்துக்குப் புகையிலை போடுகிறவன். லூஷியன் வயசுதான். சிறுவயதில் லூஷியன் அப்பாவுக்குத் தெரியாமல் அவர் குதிரையை ஓட்டிப் போய் அதன் காலை முறித்தபோது, நான்தான் ஓட்டினேன் என்று சொல்லி அடிக்கு முதுகைக் கொடுத்தவன். அப்படிப்பட்டவன் ஏன் வரவில்லை என்றால், அவன் பெண்டாட்டி கெசையா, ஹோசியா ப்ரூயிட்டின் தங்கை. தாயில்லாத அவளை அண்ணன்தான் தூக்கி வளர்த்தான்.

லூஷியன் வண்டியில் டாக்கெட் வீட்டுக்குப் போய் இறங்கினான். வண்டி ஓட்டியவன் எஃப்ரேம். அந்த வீட்டு அடிமை. மூன்று நாளாக ஊரே பேர் சொல்லி ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்க, அவனிடம் குதிரையைப் பிடி என்பதைத் தவிர யாரும் எதுவும் சொல்லவில்லை.

வாசலில் கெசையா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அவருக்குக் காய்ச்சல். படுத்திருக்காரு."

லூஷியன் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனான். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் ரூஃபஸ் கழுத்துவரை கம்பளியை இழுத்துப் போர்த்தி வியர்த்துக் கொட்டிக்கொண்டு கிடந்தான்.

"என்னடா, இந்த வெக்கைல கம்பளி?"

"குளிருது சின்னய்யா."

"எனக்கும்தான் குளிருது. ஒரு ஓட்டு கொறையுது. எந்திரி."

ரூஃபஸ் எழுந்து உட்கார்ந்தான். பொய் சொல்லத் தெரியாத முகம் அவனுக்கு. ஒரே ஒரு தடவை நன்றாகப் பொய் சொன்னான், அதுவும் லூஷியனுக்காக.

"அவன் என் மச்சான் சின்னய்யா. இவளுக்கு அப்பன் மாதிரி. அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு உங்க பேர எப்படிச் சொல்லுவேன்? உங்களுக்கும் போடல, அவனுக்கும் போடல. என்னப் படுத்தே கெடக்க விடுங்க. என்னிக்கும் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்லையே நான்."

லூஷியன் ஜன்னல் வழியே பார்த்தான். புகையிலை ஆள் உயரத்துக்கு நின்றது. இலை இன்னும் பச்சைதான். ஓரத்தில் மட்டும் மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்தது. வெட்ட இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். நல்ல விளைச்சல். அவன் மனசு ஒரு நிமிஷம் தயங்கியது என்னவோ உண்மை. ஆனால் ஒழுகுகிற சணல் காட்டு வீடு கண்ணுக்கு முன்னால் வந்தது.

"சரி, படுத்துக் கெட. பொகையில நிக்குது பாரு, அதுவும் நிக்கட்டும். வெட்டறதுக்கு வேற ஆள் வருவான்."

"பாதி எங்களுது" என்றாள் கெசையா. "வாரம் பேசித்தானே நட்டோம்?"

"பேசினது எங்கப்பாகிட்ட. பேச்சும் அவருது, மண்ணும் அவருது. நீங்க வெச்ச நாத்து மட்டுந்தான் உங்களுது. வேணும்னா வேரோட புடுங்கி மடில கட்டிக்கிட்டுப் போ."

ரூஃபஸ் காலைக் கீழே வைத்துப் பூட்ஸைத் தேடினான்.

"ஏங்க, நீங்க போனீங்கன்னா திரும்பி வரப்ப நான் இங்க இருக்க மாட்டேன்" என்றாள் கெசையா. மிரட்டுகிற குரலே இல்லை.

"பொகையில போச்சுன்னா பனிக்காலத்துல பிள்ளைங்க வாயில என்னடி வெப்பே?" என்று அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

கம்பளியை மடித்து வைக்கப் போனான். லூஷியன் தடுத்தான்.

"போத்திக்கிட்டே வா. காய்ச்சலோட எந்திரிச்சு வந்து ஹால்டேனுக்குப் போட்டான்னு ஜனங்க பேசட்டும்."

அப்படியேதான் கூட்டிக்கொண்டு போனான். முற்றத்தில் கூட்டம் விலகி வழிவிட்டது. கம்பளிக்குள் நடுங்கியபடி படியேறினவனைப் பார்த்து, விசுவாசம்னா இதுதான்யா என்று யாரோ கைதட்டினார்கள்.

"பேரு?" என்றார் ஷெரீஃப், பேர் தெரியாதவர் மாதிரி.

"ரூஃபஸ் டாக்கெட்."

"யாருக்கு?"

ரூஃபஸ் தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

"குமாஸ்தாவுக்குக் கேக்கலையாம். கேக்கற மாதிரி சொல்லுப்பா."

"லூஷியன் ஹால்டேன்."

இந்தத் தடவை அண்டா கிண்டுகிறவன் வரைக்கும் கேட்டது. லூஷியன் எழுந்து, மார்பில் கையை வைத்துக் குனிந்தான். "ரூஃபஸ், இந்த உபகாரத்தை உசிரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றான். மூன்று நாளாக எல்லாருக்கும் சொன்ன அதே வாக்கியம். ப்ரூயிட் தங்கை புருஷனின் நெற்றியில் ஓடுகிற வியர்வையைப் பார்த்தான்.

"ஒடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன் மாப்ள. பாத்து எறங்கு, படி வழுக்கும்" என்றான்.

சூரியன் சாய்ந்தது. இன்னும் யாராவது உண்டா என்று ஷெரீஃப் வாசலில் நின்று கூவினார். யாருமில்லை. கணக்கைப் படித்தார். சமம். கூட்டம் மொத்தமும் தாழ்வாரத்தை நெருக்கிக்கொண்டு வந்தது. பீப்பாய்ப் பக்கம் ஆளே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லூஷியனுக்கு உள்ளே குதூகலம். நான் அவனுக்கு, அவன் எனக்கு. சமம் சமமாகவே நிற்கும். அப்புறம் ஷெரீஃப். தனக்கே போட்டுக்கொண்டால் என்ன என்று ஒரு நினைப்பு வராமல் இல்லை. ஆனால் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அதைவிட, பிரம்பு நாற்காலியிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மகன் ஏதோ சரியாகச் செய்யப்போகிறான் என்று எதிர்பார்க்கிற முகத்தோடு. அந்த முகத்துக்காகத்தான் அவன் இத்தனை வருஷம் அந்த இறுக்கமான கோட்டுக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"லூஷியன் ஹால்டேன், யாருக்குங்க?"

"மதிப்புக்குரிய ஹோசியா ப்ரூயிட்டுக்கு."

கூட்டம் ஆர்ப்பரித்தது. தொப்பிகள் பறந்தன. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள்கூட, பரம்பரைன்னா பரம்பரைதான்யா என்றார்கள். ப்ரூயிட் எழுந்து, மற்ற எல்லாருக்கும் குனிந்ததைவிட இன்னும் கொஞ்சம் கீழே குனிந்து நன்றி சொன்னான். பிறகு அவன் முறை.

"ஹோசியா ப்ரூயிட், யாருக்குங்க?"

"ஹோசியா ப்ரூயிட்டுக்கு."

ஷெரீஃப் பேனாவைப் பிடித்த குமாஸ்தாவைப் பார்த்தார், குமாஸ்தா ஷெரீஃபைப் பார்த்தார்.

"தப்பாச் சொல்லிட்டீங்களோ?"

"இல்லைங்க. குமாஸ்தாவுக்குக் கேக்கலன்னா இன்னொருக்கா சொல்றேன்."

"இது முறையில்லையே ப்ரூயிட்" என்றான் லூஷியன். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"முறையில்லதாங்க. மத்தியானம் வரைக்கும் உங்க பேரச் சொல்றதாத்தான் இருந்தேன், சத்தியமா. அப்புறம் ஆகஸ்ட் மாசத்துல கம்பளி போத்தி ஒருத்தனக் கூட்டிட்டு வந்தீங்க. அதுக்கப்புறம் மனசு வரல."

கணக்கில் இரண்டு ஓட்டு வித்தியாசம். ஷெரீஃப் முடிவு சொல்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. அப்புறம் எங்கள் ஜனங்கள் எங்கள் ஜனங்கள்தானே, ப்ரூயிட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு பீப்பாய்க்குப் போனார்கள்.

வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கிக் கைத்தடியை ஊன்றிக்கொண்ட பிறகுதான் அப்பா சொன்னார்.

"நீ செஞ்சது முறைதான்."

லூஷியனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பா அப்படித்தான் செஞ்சாரு. நானும் அப்படித்தான். ஆனா நாங்க ரெண்டு பேரும் அன்னிக்குக் காலைலயே ஜெயிச்சிருந்தோம். ஜெயிச்சவன் செஞ்சாத்தாண்டா அதுக்குப் பேரு மரியாதை. உங்க அண்ணன் அந்த மேசைல நின்னிருந்தா ப்ரூயிட் கண்ணு எங்க பாக்குதுன்னு பாத்திருப்பான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "காலைல எஃப்ரேம் சாமான் ஏத்துவான். கோட்ட மாத்திரம் வெச்சுட்டுப் போ. மார்கஸ் பையனுக்கு ஆகும். பிரிச்சு விட்டாப் போதும்."

இரண்டு படி ஏறினவர் நின்று திரும்பினார். "ஆங், அந்த டாக்கெட் பொகையில. ஓட்டுப் போட்டா அவனுக்குன்னு வாக்குக் குடுத்தது நீ. என்ன செய்யணுமோ நீயே சொல்லிட்டுப் போ."

மறுநாள் காலை வண்டியில் லூஷியனின் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தபோது ரூஃபஸ் வெளிவாசலுக்கு வந்தான். கம்பளி இல்லை. ராத்திரி தூங்காதவன் என்று பார்த்தாலே தெரிந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"கெசையா போயிட்டா சின்னய்யா. பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்கு. நானும் பின்னாடியே போனேன். மச்சான் கதவத் தெறந்து பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம சாத்திட்டான்."

"அதுக்கு நான் என்னடா செய்யறது?"

"ஒண்ணும் செய்ய வேணாம். பொகையிலயக் கேக்கத்தான் வந்தேன். அத வெட்டிப் போட்டுட்டா ஏதாவது கையில இருக்கும், பிள்ளைங்களுக்காகவாவது திரும்பி வருவாளோன்னு..." தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினான். கேட்க வந்ததை அவன் கேட்டுவிட்டான். அதோடு போயிருக்கலாம். ஆனால் ராத்திரி முழுக்க அவனைத் தூங்கவிடாத ஒன்று இருந்தது. அது கோபம்கூட இல்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"சின்னய்யா, ஒண்ணு கேக்கட்டுமா? என்கிட்ட புடுங்கின ஓட்ட அவன்கிட்டயே கொண்டுபோய்க் குடுத்துட்டீங்களே. அவனுக்குக் குடுக்கறதுக்குத்தான்னா நானே குடுத்திருப்பேனே. என் பொண்டாட்டி வீட்ல இருந்திருப்பா."

எஃப்ரேம் கயிறு கட்டுவதை நிறுத்தினான். மாடி ஜன்னலில் அப்பா நின்றிருந்தார்.

இதே முதுகு ஒரு காலத்தில் தனக்காக அடி வாங்கியது லூஷியனுக்கு நினைவுக்கு வந்தது. அது வந்ததுதான் வினை. வெட்கப்பட்டவனுக்குத் தன்னை வெட்கப்பட வைத்தவன்மேல் வருகிற ஆத்திரம் இருக்கிறதே, எதிரிமேல்கூட அப்படி வராது. ப்ரூயிட்டை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அப்பாவை என்றைக்குமே முடியாது. எதிரே தொப்பியும் கையுமாக நின்றவனை முடியும்.

"எஃப்ரேம், ஆளுங்களக் கூட்டிட்டுப் போ. டாக்கெட் காட்டு பொகையில அத்தனையும் இன்னிக்கே வெட்டிடு."

எஃப்ரேம் தயங்கினான். "இன்னும் பச்சையா இருக்குங்க. இப்ப வெட்டினா யாருக்கும் ஒதவாது, அழுகித்தான் போகும். இன்னும் கொஞ்ச நாள் நின்னா..."

"வெட்டு."

ரூஃபஸ் ஜன்னலில் இருந்த பெரியவரை அண்ணாந்து பார்த்தான். அவர் தடுக்கவில்லை. ஜன்னலை விட்டு நகர்ந்துபோனார், அவ்வளவுதான். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், அவரைக் கேட்காமல், லூஷியன் தானாகச் சொல்லி அந்த வீட்டில் நடந்த காரியம் அது ஒன்றுதான். மத்தியானத்துக்குள் எஃப்ரேமும் மற்றவர்களும் கத்தியோடு காட்டில் இறங்கிவிட்டார்கள். ரூஃபஸ் வேலிக்கு வெளியே நின்று, கடைசிச் செடி விழுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தான்.